‘ஹெட் போச்சுக்கா’ என்று சொன்னதும் பணத்தை நீட்டிவிடாதீர்கள்

மதுரையில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருக்கிற எவருக்கும் நடக்கக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அந்த சர்வீஸ் கடையின் பெயரைப் போடவில்லை.

காலேஜ் அட்மிஷன் நேரம். கறுப்பில் குறுக்கே வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. ஹெட் என்பது பேப்பரில் இங்க்கைத் தெளிக்கும் பாகம். மெஷினிலேயே ஹெட் கிளீனிங் போட்டால் தெளியும், மறுநாள் காலையில் திரும்ப வரும். போன் போட்டதும் ஒரு தம்பி வந்தார். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். “ஹெட் போச்சுக்கா, புதுசு போடணும்.” ஹெட்டின் துளைகளில் எது விடுகிறது என்று காட்டும் நாசில் செக் பேப்பர் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஹெட்டுக்கு 4,800 ரூபாய், ‘வேஸ்ட் இங்க் பேட்’ மாற்ற 900. வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது பேரம் பேச முடியுமா? மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தபோது பளிச்சென்று அடித்தது. பில் கேட்டால் லெட்டர்பேடில் ‘ஹெட் சேஞ்ச்’ என்று கையால் எழுதியிருந்தது. சீல் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய ஹெட்டைக் கேட்டால், “அது கம்பெனிக்கு ரிட்டர்ன் போயிரும்க்கா.”

ஆடி பிறப்பதற்குள் அதே கோடு. போன் செய்தால், “என்ன இங்க் ஊத்துனீங்க?” என்று என்னையே விசாரிக்கிறார்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மூன்று மாத வாரண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதன்பிறகு வேறொரு மெக்கானிக் அண்ணனைக் கடைக்கே வரவழைத்து, என் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னேன். ஹெட் திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்லை. ஹெட்டின் ஓரமெல்லாம் பேப்பர் தூசியும் இங்க்கும் சேர்ந்து ஏடு ஏடாகக் காய்ந்திருந்தது. இரண்டு மாத ஹெட்டில் அது வராது. சூடான தண்ணீரோ ஏதோ கரைசலோ விட்டுக் கழுவியதில் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். பேட்டும் பழசே, ஊறிப்போய்க் கீழே கசியத் தொடங்கியிருந்தது. கிளீனிங் போடும்போதெல்லாம் உறிஞ்சப்படும் இங்க் அந்தப் பேட்டில்தான் சேரும். மெஷின் அதைக் கணக்கு வைத்துக்கொண்டு, நிறைந்துவிட்டதென்றால் நின்றுவிடும். மென்பொருளால் அந்தக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கினால் மெஷின் ஓடும், பேட் காலியாகாது. 900 ரூபாய்க்கு நடந்தது அந்த ரீசெட் மட்டும்.

உண்மையான கோளாறு கேப்பில் இருந்தது. மெஷின் ஓயும்போது ஹெட் போய் உட்காரும் ரப்பர் மூடி அது. ஹெட் காயாமல் மூடி வைப்பதும், கிளீனிங் நேரத்தில் பம்ப் இங்க்கை இழுப்பதும் அதன் வழியாகத்தான். அந்த ரப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது. காற்று புகுந்தால் ராத்திரியோடு ஹெட் காயும், பம்பும் இழுக்காது. அண்ணன் ஹெட்டை நகர்த்தி வைத்து, கேப்பில் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, கிளீனிங் ஓட்டினார். தண்ணீர் அப்படியே நின்றது. கேப் மாற்றியபின் சுத்தமாக உறிஞ்சியது. அதே பழைய ஹெட்தான் இன்றுவரை ஓடுகிறது. செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

ஆளைக் கூப்பிடும் முன் நாசில் செக் எடுத்து, கிளீனிங் போட்டு, மறுபடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்திலேயே கோடு விட்டால் அடைப்பாக இருக்கலாம். இடம் மாறி மாறி விட்டால் காற்று அல்லது இங்க் வரத்துப் பிரச்சினை. ஒரு கலர் முழுசாகவே இல்லையென்றால் டேம்பர் (ஹெட்டுக்கு இங்க் போகும் வழியிலுள்ள சின்ன அறை), டியூப், அப்புறம்தான் மின்பக்கம். கிளீனிங்கை ஓயாமல் போடுவது பேட்டை நிரப்புவதுதான். மூன்று முறைக்கும் தெளியாவிட்டால் 12 மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்க்கச் சொல்லி என் மெஷின் கையேட்டிலேயே இருக்கிறது. சிரிஞ்சால் கழுவுகிறேன் என்று வருபவர் ஹெட்டையும் போர்டையும் இணைக்கும் ரிப்பன் கேபிளைக் கழற்றாமல் தண்ணீர் விட்டால் தடுத்து நிறுத்துங்கள். அது நனைந்து ஷார்ட் ஆனால் ஹெட்டோடு போர்டும் போகும். கேனான் ஜி சீரிஸ் பலவற்றிலும் எச்பி ஸ்மார்ட் டேங்க்கிலும் ஹெட் நாமே கழற்றி மாட்டும்படி இருக்கும். அதற்கு மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அந்தக் கடைக்காரர், “வியாபாரத்துக்கு வாங்குன மெஷினுக்கு கன்ஸ்யூமர் கேஸ் நிக்காதும்மா” என்றார். தப்பு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியதென்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அதற்கப்புறம் அவர்களாகவே கூப்பிட்டு, 2,000 தருகிறோம், வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். முழுத் தொகையும், ஹெட் மாற்றவில்லை என்று எழுத்தில் ஒரு வரியும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மதுரையில் இதேபோல் சீல் இல்லாத லெட்டர்பேடில் ‘ஹெட் சேஞ்ச்’ பில் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். பில்லின் போட்டோ இருந்தால் போதும்.