பழைய லேத்தா, புதிய லேத்தா?

தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றில் விலைக்கு வந்த பழைய லேத்தை, அதாவது மரம் கடையும் இயந்திரத்தை, இரண்டு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. வார்ப்பிரும்பின் கனம் அதிர்வை விழுங்கிவிடும். கோணல்மாணலான வேப்பங்கட்டையை மாட்டினாலும் உளி துள்ளாது. தகட்டுக் கால்களோடு வரும் புதிய சிறு லேத்தோ அதே கட்டைக்குக் கிடுகிடுவென்று ஆடும். மணல் மூட்டை ஏற்றித்தான் அடக்க வேண்டும்.

வேகத்தில் புதியதுதான் கெட்டி. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளோடு பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 சுற்று. புதியதில் குமிழைத் திருப்பினால் போதும். பழையதில் நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கையால் அடுத்த புல்லிக்கு மாற்ற வேண்டும். கட்டில் கால் மட்டும் கடைபவருக்கு இது ஒரு குறையே இல்லை.

பழையதை வாங்குமுன் கட்டையைச் சுற்றவைக்கும் சுழல்தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். தண்டின் மரையையும் அளந்துகொள்ளுங்கள். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் இன்றைய சக் அதில் ஏறாமல் போகலாம். மும்முனை மோட்டார் என்றால் ஒருமுனை வீட்டு இணைப்பில் அப்படியே ஓடாது.

காசிமேட்டு உப்புக்காற்று இரண்டையும் அரிக்கும். இரும்பின் துருவைத் தேய்த்து எண்ணெய் பூசலாம்; புதியதன் மின்னணுப் பலகை போனால் மெக்கானிக் கையை விரித்துவிடுவார்.

பழையதற்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். மீன்பாடி வண்டி பேசியாயிற்று; தூக்க நான்கு ஆள் வேண்டும்.