சுபரு ஃபாரஸ்டர்ல ஊட்னடாட்டா ட்ராக்: குடும்பத்தோட போய்ட்டு வந்த அனுபவம்

எங்க வண்டி ஃபாரஸ்டர் 2.5 லிட்டர் பெட்ரோல், 17 இன்ச் வீலோட வர்ற கீழ் வேரியண்ட். சில வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், முக்காவாசி அடிலெய்டுக்குள்ளயே ஸ்கூல், மளிகை, பீச்னு ஓடற வண்டிதான். இத எடுத்துட்டு ஊட்னடாட்டா ட்ராக் போறோம்னு சொன்னதும் ஆபீஸ்ல லேண்ட்க்ரூசர் வச்சிருக்கற ஒருத்தர் சிரிச்சாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. போய்ட்டு வந்து, அதுக்கப்புறமும் நல்லா ஓட்டியாச்சு, அதனால இப்ப எழுதினா சரியா இருக்கும். நேராவே சொல்லிடறேன், நாலு வீலுக்கும் பவர் போறதுங்கறது அங்க நினைச்ச அளவுக்கு தேவைப்படல, காஞ்ச ரோட்ல டயரும் நீங்க போற வேகமும்தான் எல்லாத்தயும் முடிவு பண்ணுது.

ரூட் தெரியாதவங்களுக்கு: சவுத் ஆஸ்திரேலியாவோட வடக்குல மரீல ஆரம்பிச்சு வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா வழியா மார்லா வரைக்கும் 600 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, முழுசும் மண்ரோடு. கான்ங்கற பழைய ரயிலோட பாதையும் 1872ல போட்டு முடிச்ச தந்தி லைனும் போன அதே வழி, ஏன்னா பூமிக்கடியிலேர்ந்து ஊத்து தண்ணி வர்றது இந்த வரிசைலதான். நாங்க நாலு பேர்: நான், வீட்டுக்காரர், பொண்ணு, ஊர்லேர்ந்து வந்திருந்த மாமனார். அவர் ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர், மரீல பழைய டீசல் எஞ்சின் நிக்கறத பாத்ததும் தண்டவாளத்துக்கு நடுவுல குனிஞ்சு ஜாணால அளந்துட்டு "ஏம்மா, இது நம்ம மீட்டர் கேஜ விட ரெண்டரை இன்ச்தான் ஜாஸ்தி"ன்னாரு. 1067 மில்லிமீட்டர், கரெக்ட்டா சொன்னாரு மனுஷன்.

சரி வண்டிக்கு வர்றேன். கிளம்பறதுக்கு முன்னாடி செஞ்ச ஒரே பெரிய செலவு டயர். கம்பெனி டயர் ஹைவே பேட்டர்ன், தார் ரோட்டுக்கு சூப்பர், ஆனா அங்க ரோட்ல கெடக்கற கல்லு கத்தி மாதிரி கூரா இருக்கும், அந்த டயரோட சைட்வால், அதாவது பக்கவாட்டு ரப்பர், தாங்காது. 225/60 ஆர்17 சைஸ்லயே, மண்ணு கல்லு ரோட்டுக்குன்னு வர்ற ஆல்-டெர்ரெய்ன் டயர் மாத்திட்டோம். இங்கதான் கீழ் வேரியண்ட் வாங்கினது நல்லதா போச்சு, மேல் வேரியண்ட்ல 18 இன்ச் வீலு, 55 ப்ரொஃபைல், பாக்க அழகா இருக்கும் ஆனா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ரப்பர் கம்மி. அழகுக்கு காசு குடுத்து வாங்கினவங்க கோச்சுக்காதீங்க, மண்ரோட்டுக்கு சின்ன ரிம்முதான் பெட்டர். டயர் மாத்தினதுல சிட்டில கொஞ்சம் சத்தமும் பெட்ரோலும் கூடுச்சு, அது இப்ப வரைக்கும் அப்படியேதான் இருக்கு.

மண்ரோடு ஆரம்பிச்சதும் காத்த 28 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். இது ஏன்னா அங்க ரோடு மட்டமா இருக்காது, குறுக்கால வரி வரியா மேடு பள்ளம் ஓடிட்டே இருக்கும், காத்து ஃபுல்லா இருந்தா ஸ்டியரிங், டேஷ்போர்டு, பல்லு எல்லாமே அதிரும். இறக்கினப்புறம் 70ல இருந்து 80க்குள்ள ஒரு வேகத்துல அதிர்வு சட்டுன்னு கொறஞ்சு போச்சு, அதுக்கு மேல போனா வண்டி மெதக்கற மாதிரி ஆகும், ப்ரேக் அடிச்சா எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. பின்னாடி உக்காந்த மாமாவுக்கு முதுகு வலி உண்டு, சாயங்காலம் கேட்டா "நம்ம ஊர் டவுன் பஸ்ஸ விட தேவல"ன்னாரு, அவர் குடுக்கற அதிகபட்ச சர்டிஃபிகேட் அதுதான்.

வண்டி அடிக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற 220 மில்லிமீட்டர் க்ளியரன்ஸ் மெயின் ட்ராக்குக்கு போதும். காஞ்ச ஓடைங்கள்ல எறங்கி ஏறறப்ப மட்டும் மெதுவா கோணலா எடுத்தா அடி தட்டல. வழுக்கற எடத்துக்குன்னு வண்டில வர்ற எக்ஸ்-மோட் போட்டது ரொம்ப கம்மி, ஓடைல மணல் சேந்த எடத்துல ஒண்ணு ரெண்டு தடவ. அது 40 கிலோமீட்டர் வேகத்துக்கு கீழதான் வேலை செய்யும், வீல் சும்மா சுத்தறப்ப அந்த வீல்ல ப்ரேக் புடிச்சு பவர மத்த வீலுக்கு தள்ளும், நல்லாவே தள்ளுச்சு. ஆனா மெதுவா, முழு பலத்தோட இழுக்கற லோ ரேஞ்ச் கியர் கெடையாது, கியர்பாக்ஸும் பெல்ட்டு மாதிரி ஓடற ஆட்டோமேட்டிக் சிவிடி, ஆழமான மணல்ல ரொம்ப நேரம் போராடற வண்டி இது இல்ல. அதனாலதான் வில்லியம் க்ரீக் பக்கத்துலேர்ந்து லேக் ஏர்ங்கற உப்பு ஏரிக்கரைல இருக்கற ஹாலிகன் பே பக்கம் பிரியற ரூட்ட விட்டுட்டோம். 60 கிலோமீட்டருக்கு மேல கரடுமுரடு, நடுவுல மாட்டினா உதவி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். அந்த ஏரிய பாக்கணும்னா மெயின் ட்ராக்லயே தெற்கு ஏரி வியூ பாயிண்ட் இருக்கு, கடல் மட்டத்துக்கு கீழ இருக்கற உப்பு தரை கண்ணுக்கெட்டின வரைக்கும் தெரியும், காசு இருந்தா வில்லியம் க்ரீக்லேர்ந்து குட்டி ஃப்ளைட்டும் இருக்கு.

பெட்ரோல் பத்தி பயமே வேணாம். 63 லிட்டர் டேங்க், லோடோட மண்ரோட்ல எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு ஒம்போதரை, பத்து லிட்டர் குடிச்சுது. மரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா, மார்லான்னு சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒரு பங்க் வந்துடும், விலை மட்டும் பாத்தா வயிறு எரியும். கேன்ல பெட்ரோல் கட்டி மேல ஏத்தற வேலையெல்லாம் வேணாம், அந்த எடத்துல தண்ணி ஏத்திக்கோங்க. ரூஃப் பாக்ஸ்லயும் தலகாணி போர்வை மாதிரி லேசான சாமான் மட்டும்தான், கனத்த மேல ஏத்தினா வளைவுல வண்டி ஆடறது நல்லா தெரியுது.

பஞ்சர் ஆச்சு, ஆகாம எப்படி. ஆல்ஜபக்கினா பாலத்துக்கு கொஞ்சம் முன்னாடி, பின் எடது டயர். ஸ்பேர் ஃபுல் சைஸ், அது பெரிய நிம்மதி, ஆனா அது பூட் தரைக்கு அடில இருக்கு, அதனால ஸ்டவ்வு, அரிசி, ஐஸ் பாக்ஸ், பொண்ணோட பொம்மை வரைக்கும் எல்லாத்தயும் ரோட்டோரம் எறக்கி வச்சுட்டுதான் கை வைக்க முடியும். ஜாக்கி மண்ணுல பொதையும், அடில வைக்க ஒரு பலகை கண்டிப்பா வேணும், நாங்க சப்பாத்தி பலகைய வச்சோம், அது இன்னும் நெளியாம இருக்கு. அப்புறம் பாலத்துக்கு போய் ஒக்காந்து சாப்ட்டோம். 1890கள் தொடக்கத்துல கட்டினது, 578 மீட்டர் நீளம், கீழ பாதி நாள் ஓடாத ஆறு. இத்தன பெரிய இரும்பு பாலத்த எதுக்கு இங்க கட்டினான்னு பொண்ணு கேக்க, வெள்ளம் வந்தா எவ்ளோ தூரம் பரவும்னு மாமா பாடமே எடுத்துட்டாரு.

தூசிதான் நிஜமான எதிரி. ஏசிய வெளிக்காத்து மோட்ல வச்சு ஃபேன ஏத்தி ஓட்டினா உள்ள காத்து அழுத்தம் கூடி தூசி வர்றது கொறையும், எதிர்ல ரோட் ட்ரெயின், அதாவது பல ட்ரெய்லர் கோத்த ட்ரக், வர்றப்ப மட்டும் வெளிக்காத்த மூடிக்கணும். அந்த நீள ட்ரக் வந்தா ஒதுங்கி நின்னுடுங்க, அது போனப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணுமே தெரியாது. முன்னாடி இருக்கறத பாத்து ப்ரேக் போட உதவற ஐசைட் கேமரா முன் கண்ணாடி வழியா பாக்கறது, தூசில அதுக்கும் ஒண்ணும் தெரியாது, தற்காலிகமா ஆஃப்னு மெசேஜ் காட்டும், நியாயம்தானே. கண்ணாடில ஒரு கல்லு தெறிச்சு சின்ன பொட்டு விழுந்துச்சு, திரும்பி வந்ததும் ரெசின் வச்சு அடைச்சாச்சு. விரிசலா ஓடியிருந்தா கண்ணாடி மாத்தி கேமராவயும் திரும்ப அளவு வைக்கணும், அந்த செலவு ஜாஸ்தி.

திரும்பி வந்து ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் மாத்தினோம், அலைன்மென்ட் பாத்தோம், அடில ப்ரஷர் வாஷ் அடிச்சோம். சஸ்பென்ஷன்ல லீக் இல்ல, புதுசா சத்தமும் இல்ல. டிக்கி கதவு ரப்பர்ல சிவப்பு மண்ணு மட்டும் இன்னும் கொஞ்சம் வருது, ஈரத்துணியால தொடச்சு தொடச்சு நானே விட்டுட்டேன்.

போறவங்க மே மாசத்துலேர்ந்து செப்டம்பருக்குள்ள போங்க. ஊட்னடாட்டால 1960 ஜனவரில 50.7 டிகிரி பதிவாகியிருக்கு, வெயில் காலத்துல குழந்தைங்கள கூட்டிட்டு போற எடமில்ல. மழை பேஞ்சா ரோட்ட மூடிடுவாங்க, மூடின ரோட்ல போனா ஃபைன், சேறு ஆனா லேண்ட்க்ரூசரும் வழுக்கத்தான் செய்யும். போன் சிக்னல் ஊருக்குள்ள மட்டும்தான், ஒரு யூஎச்எஃப் ரேடியோ வாங்கி சேனல் 40ல வைங்க, அவசரத்துக்கு சேட்டிலைட் வழியா உதவி கேக்கற பீக்கனும் வச்சுக்கோங்க. ஹைப்ரிட் வண்டி வாங்கற ஐடியால இருக்கறவங்க ஷோரூம்லயே பூட் தரைய தூக்கி பாருங்க, ஸ்பேர் இருக்க வேண்டிய எடத்த பேட்டரிக்கு குடுத்துட்டு பஞ்சர் கிட்டோட அனுப்பற மாடல்ங்க நிறைய இருக்கு. சைட்வால் கிழிஞ்சா அந்த கிட்டால ஒண்ணும் பண்ண முடியாது.