ஈபி கரண்டோடு இத்தனை வருடம்: ஒரு டெல்டாக்காரனின் அனுபவம்

"ஈபியைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குக் கஜா புயல்தான் நினைவுக்கு வரும். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு வீட்டு இணைப்பும் தென்னந்தோப்புக்கு ஒரு மோட்டார் இணைப்பும் இருக்கின்றன. இரண்டையும் அப்பா காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறோம். அதை வைத்து எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா கரை கடந்தது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமாயின. ஒன்றைச் சரிசெய்து அடுத்ததற்குப் போகிற வேலை இல்லை அது, லைனையே முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. மற்ற மாவட்டங்களிலிருந்தும், கேரள மின்வாரியத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். சேற்று வயலுக்குள் லாரி இறங்காது. கான்கிரீட் கம்பத்தைக் கயிறு கட்டி, பத்துப் பேர் தோள் கொடுத்து வரப்போரமாகத் தூக்கிப் போனார்கள். குழி தோண்டினால் தண்ணீர் ஊறும், அதை இறைத்துவிட்டுக் கம்பத்தை நட்டு, ஒருவர் மேலே ஏறிக் கம்பி இழுப்பார். ராத்திரி பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்துக்கொண்டார்கள். அந்த வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு. உள்ளடங்கிய ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, மறியலும் நடந்தது. ஆனாலும் வயல் நடுவே ஒற்றை மோட்டாருக்குப் போகும் லைனையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த லைனுக்காக விவசாயி வாரியத்துக்கு ஒரு பைசா கட்டுவதில்லை, விவசாயக் கரண்ட் இலவசம்.

இதோடு ஒடிசாவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் முதன்முதலாக மின் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்த மாநிலம் அது, 1999இல். அதே வருடம் அக்டோபரில் பெரும்புயல் அடித்தது. மத்திய மண்டலத்தை எடுத்திருந்த ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் 2001இல் விலகிக்கொண்டது. இப்போது அங்கே டாடா பவர் நடத்துகிறது. எல்லாத் தனியாரும் ஓடிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு கட்டுப்படியாகாவிட்டால் விலகிப்போகும் வழி அவர்களுக்கு உண்டு, வாரியத்துக்குக் கிடையாது. கடலோர மாவட்டத்துக்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். அவையும் பெரிய குறைகள்தான்.

2012 வாக்கில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் வெளி மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் போனது. கோவையிலும் திருப்பூரிலும் பட்டறைகள் முடங்கின. தேவை ஏறிக்கொண்டே போக, புது மின்நிலையங்கள் வருடக்கணக்கில் தாமதமாயின. வெளி மாநிலத்தில் வாங்கலாம் என்றால் கொண்டுவரப் போதிய லைன் இல்லை. தென்மாநில மின்கட்டமைப்பு மற்ற பகுதிகளோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான். பொதுத்துறை என்றால் எல்லாருக்கும் சமம் என்கிறோம். ஆனால் இருட்டைப் பங்கு போட்டபோது தலைநகருக்குக் கொஞ்சம், எங்களுக்கு நிறைய என்றுதான் பிரித்தார்கள்.

அடுத்தது விலை. இதுதான் ஆணிவேர் என்பது என் எண்ணம். 2014 டிசம்பரில் கட்டணம் உயர்ந்தது, அப்புறம் 2022 செப்டம்பர் வரை ஏறவே இல்லை. நிலக்கரியும் சம்பளமும் வட்டியும் இடையில் சும்மா இருந்தனவா? 2017இல் மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்து மாநில அரசு 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதற்குப் பிறகும் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. எட்டு வருடம் தள்ளிப்போட்டதை ஒரே நாளில் ஏற்றியபோது எல்லாருக்கும் வலித்தது. நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்து 2023 செப்டம்பர் 25இல் சிறுதொழில்காரர்கள் கதவடைப்பே நடத்தினார்கள். இப்போது ஜூலை தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் முறை வந்திருக்கிறது. இதை நான் வரவேற்கிறேன், அரசியலுக்காக மறுபடி நிறுத்தாமல் இருந்தால் போதும். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் சலுகை என்பதெல்லாம் நல்லதே. அறிவித்த அரசு அதற்கான பணத்தை முழுசாக, உரிய நேரத்தில் வாரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பணமுடையின் விளைவு கம்பத்தடியில் தெரிகிறது. களப்பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் காலி. ஒரு லைன்மேன் பல ஊர்களைப் பார்க்கிறார். ராத்திரி பீஸ் போனால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர்ப் பையன் எவனாவது டிரான்ஸ்பார்மரில் கை வைப்பான். பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்த வேலையில் அடிபடுவதைச் செய்தியில் படிக்கும்போது வயிறு எரிகிறது. 2021இல் மின்னகம் என்ற புகார் மையம் வந்தது நல்ல மாற்றம். ஆனால் புகாரைப் பதிவதோடு வேலை முடிவதில்லை, கம்பத்தில் ஏற ஓர் ஆள் வேண்டும்.

கடைசியாக, பில் கட்டுகிற எல்லாருக்கும் பயன்படும் ஒன்று. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை பாதி விலைதான். 501 ஆனதும் அந்தச் சலுகை போய்விடும். அந்த ஒரு யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். ரீடிங் எடுக்க நாலு நாள் தள்ளி வந்தாலே சில வீடுகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் ரீடிங் தேதியை அட்டையில் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பாருங்கள். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்பது திமுகவின் 2021 தேர்தல் வாக்குறுதி. ஆள் வராமலே ரீடிங் அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டார்கள். மீட்டருக்குக் காத்திருக்காமல், ரீடிங் எடுக்கக் கூடுதல் ஆள் போட்டாவது அதைத் தொடங்க வேண்டும் என்பதே வாரியத்திடம் என் முதல் கோரிக்கை.