எட்டு வகை நாட்டு விதைப் பெட்டி: விதை தேறும், தட்டுதான் தகராறு

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, வெங்காயம், பாகல், நீளச் சுரை, குண்டுச் சுரை என எட்டு பாக்கெட். கூடவே 50 குழி நாற்றுத்தட்டு, 650 கிராம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, ஒரு துண்டறிக்கை. அட்டைப் படத்தில் ஊதா வெண்டை. உள்ளே இருப்பது பச்சை. அதை விட்டுவிடலாம்.

பேக் செய்த தேதி இருக்கிறது, விதை எடுத்த தேதி இல்லை. தக்காளி, கத்தரிக்கு இது பெரிதல்ல, நன்றாக உலர்த்தி வைத்தால் நாலு வருடம்கூடத் தாங்கும். வெங்காய விதை அப்படியல்ல, ஒரு வருடம் தாண்டினாலே முளைப்பு சரியும். வகைக்குப் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்ததில் தக்காளி 9, கத்தரி 8, வெங்காயம் 3 முளைத்தன. பாகல் இரண்டே இரண்டு. ஆனால் அது விதையின் குற்றமில்லை, ஓடு கெட்டி. கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ஓர் இரவு ஊறவைத்தபின் எட்டு முளைத்தன. துண்டறிக்கையில் இதற்கு ஒரு வரி கிடையாது.

அதைவிட மோசம், எல்லா விதையையும் தட்டில் ஓர் அங்குல ஆழத்தில் போடச் சொல்வது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர் போதும். சுரைக்கும் பாகலுக்கும் வேர் அசைந்தால் ஆகாது, வெண்டைக்கு ஆணிவேர். இவற்றை நேரே மண்ணில் ஊன்றிவிடுவதே நல்லது.

தட்டின் அடித்துளை குண்டூசித் தலை அளவுதான். தண்ணீர் தேங்கும். முளைத்த நாலாம் நாளே மண்ணை ஒட்டிய தண்டு நூலாக இளைத்து, நாற்று சாய்ந்துவிடும். நாற்றழுகல் வந்தால் மருந்து தேடிப் பயனில்லை. முன்னதாகவே ஆணியைச் சூடாக்கித் துளையைப் பெரிதாக்கி, தட்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து நனைக்க வேண்டும். தட்டைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் மறுபடி தண்ணீர்.

கோகோபீட்டை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் பயன்படுத்தினால் உப்பு ஏறி இலை ஓரம் கருகும். சத்தும் அதில் பேருக்குத்தான். மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலக்காவிட்டால், விதையிலைக்குப் பின் வரும் உண்மை இலை விட்டதும் நாற்று வெளிறும்.

நாட்டு விதை வாங்குவதே அடுத்த போகத்துக்கு விதை எடுக்கத்தான். தக்காளி பெரும்பாலும் தானே மகரந்தம் சேர்ந்துகொள்ளும். ஆனால் இரண்டு சுரையை ஒரே பெட்டியில் போட்டவர்கள், அவை கலக்கும் என்று சொல்லவே இல்லை. இந்தப் போகத்தில் காய் மாறாது. அதன் விதையைப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். சுரை மாலையில் பூக்கும். அன்று மதியமே பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் நூலால் கட்டி வைத்து, மாலையில் பிரித்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, உடனே மறுபடி கட்டிவிட வேண்டும். காம்பில் அடையாள நூல் அவசியம். அந்தக் காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் வரை பறிக்கக் கூடாது.