650 ரூபாய் டார்ச், ஒரு சிறுத்தை

கோத்தகிரியில வாங்கின சார்ஜ் டார்ச். 5-க்கு 3 தான் தருவேன். போன வாரம் கடைசி பஸ்ஸுல இறங்கி தேயிலைத் தோட்டத்து வழியா நடந்தேன். தண்ணித் தொட்டிகிட்ட ரெண்டு கண்ணு பளபளன்னுச்சு. நாய்னு நினைச்சேன். வால் தரையைத் தொடுற நீளம். சிறுத்தை! ஓடினா துரத்தும், குனிஞ்சா இரைன்னு நினைச்சுக்கும்னு கொழுந்து பறிக்கிற அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. முதுகு காட்டாம, சத்தமா சிலிண்டர் விலையைப் பத்திப் பேசிக்கிட்டே (வேற எதுவும் வாயில வரல) பின்னாடி நகர்ந்தேன். அது செடிக்குள்ள நழுவிடுச்சு.

வெளிச்சம் அருமை. ஸ்விட்ச்தான் மகா மட்டம்: குளிர்ல விறைச்ச விரலால மூணு தடவை அமுக்கணும், நடுவுல மினுக் மினுக்னு ஒரு மோடு வேற. மூடுபனி இறங்கிட்டா வெளிச்சம் நம்ம கண்ணுலயே திரும்பி அடிக்குது.