ஜன்னலை விட்டு வெளியே வந்த மருந்தாளர்: எங்கள் கிளினிக் அனுபவம்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் சீனி, பிரஷர் கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். மூன்று வருடமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விடிய ஐந்தரைக்கு நம்பர் எடுத்தால் பதினொரு மணிக்கு டொக்டரைப் பார்க்கலாம். வெளியே அவ்வளவு கூட்டம், அவரும் என்ன செய்வார், ஆளுக்கு இரண்டு நிமிசம். அப்புறம் மருந்து ஜன்னல். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கடதாசி உறைகளோடு ஒரு கை வரும், "காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான், அடுத்த ஆள். உறையில் இருக்கிற எழுத்து சிங்களம். அம்மா மாத்திரையின் நிறத்தைப் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருப்பார். கம்பெனி மாறி நிறமும் மாறினால் அந்த மாதம் குழப்பம்தான்.

இந்த வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மருந்தாளர் ஒருவரை டொக்டருக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். சிங்களப் பிள்ளை, பாமசி பட்டம் முடித்தவர், தமிழைத் தட்டித்தடுமாறிப் பேசுவார். முதல் நாளே, "அம்மா, வீட்டுல இருக்கிற மருந்தெல்லாம் அடுத்த தரம் பையோட கொண்டுவாங்க" என்றார். கொண்டுபோய் மேசையில் கொட்டினோம். சீனிக்குக் கொடுக்கிற மெட்ஃபோமின் உறை உறையாக மிச்சம். கூடவே முழங்கால் வலிக்கு அம்மா கடையில் வாங்கிய டைக்ளோஃபெனக் அட்டை. அந்தப் பிள்ளை ஏசவில்லை. "ஏன் அம்மா மிச்சம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். காலையில் வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டு மலைக்கு ஏறினால் பத்து மணிக்குள் வயிறு கலக்கிவிடும், கொழுந்து எடுக்கிற மலையில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? அதனால் வேலை நாளில் போடுவதே இல்லை. சீனி இறங்கவில்லை என்று டொக்டர் அளவைக் கூட்டிக் கொடுக்க, அம்மா அதையும் போடவில்லை. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது.

அந்த இடத்திலேயே டொக்டரிடம் பேசி அளவைக் குறைத்து, ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்றில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், அம்மா பிரஷருக்குப் போடுகிற லொசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கூடாது என்று விளக்கி அதை நிறுத்தினார்கள். உறையில் தமிழில் 'ராத்திரி, சோற்றோடு' என்று கோணல்மாணலாக எழுதித் தந்தார். அந்த உறையை அம்மா இன்னும் வைத்திருக்கிறார்.

எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். மருந்தைப் பற்றிப் பட்டத்தில் படித்ததாகவும், டொக்டர், நர்ஸ் மிஸ், மிட்வைஃபோடு ஒன்றாக இருந்து ஆட்களிடம் கேட்டறிவதைத் தனியாகத்தான் பழக வேண்டியிருந்தது என்றும் சொன்னார். அது சரியான பேச்சு. இங்கிலாந்தில் 2015இல் குடும்ப டொக்டர்களின் கிளினிக்குகளில் மருந்தாளர்களை வேலைக்கு வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள், அந்த வேலைக்கென்றே அங்கே 18 மாதப் பயிற்சியும் கொடுத்தார்கள். இங்கே அப்படி ஒன்று வருமானால் தமிழ் கட்டாயம் இருக்க வேண்டும், ஆட்கள் குடியிருக்கிற லயத்திலும் மலையிலும் சில நாட்களாவது நிற்க வைக்க வேண்டும். காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டு, எப்போது ரொட்டி சாப்பிடுகிறார்கள் என்று தெரியாதவர் 'சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வேளை' என்று எழுதி என்ன பிரயோசனம்?

குறையும் இருக்கிறது. கிழமையில் ஒரு நாள் மட்டும்தான் அவர் அந்த மேசையில் இருக்கிறார், லீவு என்றால் பதிலுக்கு ஆளில்லை, பழைய ஜன்னலும் சிங்கள உறையும்தான். மேசைக்கு ஒரு மறைப்பும் இல்லை, அம்மா வயிற்றுக்கதையைச் சொன்னது வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஒரு திரைச்சீலை போதும், அதையாவது உடனே செய்யுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். உங்கள் கிளினிக்கிலும் இப்படி ஒருவர் இருந்தால் கிளினிக் கொப்பியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் வாங்கியது, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.