மண்டி சர்வருக்கு எந்த ஃபயர்வால்?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியை எடுத்துக்கொள்வோம். பில் போடும் லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ளன. ஒன்று கடைக் கணினிகளுக்கு, மற்றது பிராட்பேண்டுக்கு. பராமரிப்பவர் அண்ணா நகரிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நுழைபவர். யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்று விதிகளின்படி பார்த்துக்கொள்வது ஃபயர்வால். அதற்கான லினக்ஸ் கருவிகளான யூஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி, என்எஃப்டேபிள்ஸ் ஆகிய மூன்றுமே, லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள நெட்ஃபில்டர் என்ற வடிகட்டியைக் கொண்டே வேலை செய்வதால், இவ்வளவு சிறிய இடத்தில் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. தவறான விதியைப் போட்டுப் பராமரிப்பவரே வெளியில் நின்றுவிட்டால் எது திரும்ப உள்ளே விடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் 2008 முதல் உள்ள யூஎஃப்டபிள்யூ, கற்க எளிது. உள்ளே வருவதைத் தடுத்து வெளியே போவதை அனுமதிப்பது அதன் இயல்பு. எஸ்எஸ்எச்சுக்கு ‘லிமிட்’ போட்டால், 30 வினாடிக்குள் 6 முறை தட்டும் முகவரியை மறுத்துவிடும். ஆனால், இட்ட விதி அப்போதே கோப்பிலும் பதிந்துவிடுவதால், சர்வரை அணைத்துப் போட்டாலும் தவறு அப்படியே நிற்கும். மென்பொருட்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் வெளியே திறந்துவிடும் போர்ட்டுகளும் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாயில்கள்) இதன் விதிகளுக்குள் சிக்குவதில்லை. இதை அறியாமல் டேட்டாபேஸை இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பவர்கள் உண்டு.

ரெட்ஹேட் வகை லினக்ஸ்களுடன் வரும் ஃபயர்வால்டி, ஒவ்வொரு கார்டையும் ஒரு மண்டலத்தில் சேர்க்கச் சொல்கிறது. கடைப் பக்கத்துக் கார்டை ‘இன்டர்னல்’ மண்டலத்திலும் பிராட்பேண்டை ‘பப்ளிக்’ மண்டலத்திலும் வைத்து, பில் மென்பொருளின் போர்ட்டை முன்னதில் மட்டும் திறந்தால் போதும். அதைவிட முக்கியமானது, ‘பெர்மனன்ட்’ என்று சொல்லாத வரை, சேர்க்கும் விதி தற்காலிகமானதே என்பது. புதிய தடையை ஐந்து நிமிடக் கெடுவுடன் சேர்த்தால், கெடு முடிந்ததும் அது தானே விலகிவிடும். கெடு வைக்க மறந்திருந்தாலும், கடைப் பையனிடம் சர்வரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னால் பழைய நிலை திரும்பிவிடும்.

2014-இல் வெளிவந்த 3.13 கெர்னலுடன் சேர்ந்த என்எஃப்டேபிள்ஸில், இணைய முகவரிகளின் பழைய, புதிய முறைகளான ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே அட்டவணையில் விதி எழுதலாம். கோப்பு முழுவதும் ஒரே மூச்சில் ஏறும், பிழை இருந்தால் எதுவுமே ஏறாது. ஆனால் அது பிடிப்பது இலக்கணப் பிழையை மட்டுமே. எஸ்எஸ்எச்சை மறந்த விதித் தொகுப்பும் இலக்கணப்படி சரியானதுதான்.

எனவே இந்த மண்டிக்கு என் தேர்வு ஃபயர்வால்டி. சர்வரில் உபுண்டுவே இருந்தாலும் அதை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடாதபடி, யூஎஃப்டபிள்யூவை முதலில் முடக்கிவிட வேண்டும்.